இடுப்பு வலி: இடைத்தட்டுக்குள் நடப்பது என்ன?

திருவிழா நாட்களில் அன்னதானப் பந்தி முடிந்து மக்கள் எழும் காட்சியைக் கவனித்திருப்பீர்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பலர் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையை இடுப்பில் வைத்து, "முருகா" என்றுதான் எழுந்து நிற்கிறார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டால் மூன்று விடைகளில் ஒன்று வரும். எலும்பு தேய்ஞ்சி போச்சு. டிஸ்க் விலகிடுச்சு. நரம்பு நசுங்கிடுச்சு. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்த மூன்று சொற்களும் நம் மக்களுக்குச் செய்திருக்கும் தீங்கு கொஞ்சமல்ல. அதனால்தான் இதை எழுத முற்பட்டேன்.

நான் மருத்துவன் அல்லேன். அரசாங்க மருத்துவமனை ஆய்வுக்கூடங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிறந்து வளர்ந்தது ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றின் லயத்தில். பெற்றோர் இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். ஆகவே இந்த வலியை லயத்தின் பக்கமிருந்தும் அறிவேன், ஆய்வுக்கூடத்தின் பக்கமிருந்தும் ஓரளவு அறிவேன்.

இந்நாட்டு ரப்பர்த் தோட்டத் தொழிலின் தொடக்கமே நம் மலாக்காதான் என்பதை இளையோர் பலர் அறியார். 1896ஆம் ஆண்டு டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அடுத்துப் புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். அதன் பிறகு கப்பலேறி வந்த நம் முன்னோர் மூன்று தலைமுறைக்குக் குனிந்தே வேலை செய்தார்கள். மரத்தில் வெட்டுப்பட்டை மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். பட்டை இறங்க இறங்க வெட்டுகிறவரின் முதுகும் வளைந்துகொண்டே போகும். ஒரு நிரையில் ஐந்நூறு மரம் என்றால், வெட்ட ஐந்நூறு முறை, மங்கிலிருந்து பாலை ஊற்ற மீண்டும் ஐந்நூறு முறை குனிய வேண்டும். பிறகு காண்டா வாளியைத் தோளில் ஏற்றி, மேட்டிலும் பள்ளத்திலும் ஸ்டோர் வரைக்கும் நடை. பின்னாளில் செம்பனை வந்தது. குலையை வெட்ட அண்ணாந்து பார்ப்பதும், விழுந்த குலையைக் குத்தித் தூக்கி லாரியில் ஏற்றுவதும் முதுகுக்கு வேறுவிதச் சோதனை. இன்று அந்த வேலைகளைப் பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். நம் பிள்ளைகள் நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். இடுப்பு வலியோ இரு தரப்பாரையும் விட்டபாடில்லை.

இனி உள்ளே சென்று பார்ப்போம். முதுகுத்தண்டில் முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு இடையில் மெத்தை போன்ற 23 தட்டுகள் இருக்கின்றன. டாக்டர்கள் டிஸ்க் என்று சொல்வது இதைத்தான். இடைத்தட்டு என்று நான் எழுதுகிறேன். ஒவ்வொரு தட்டும் மூன்று பகுதிகளால் ஆனது. நடுவில் கூழ். அதைச் சுற்றிப் பல அடுக்குகளாக நார்வளையம், லாரி டயரின் நூலடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதுபோல. மேலும் கீழும், எலும்பைத் தொடும் இடத்தில், மெல்லிய குருத்தெலும்புத் தகடு. இதை முனைத்தகடு என்போம். இந்த முனைத்தகட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முக்கிய பாத்திரம் அதுதான்.

நடுக்கூழில் பெரும்பகுதி நீர்தான். அந்த நீரைப் பிடித்து வைத்திருப்பது அக்ரிகன் என்னும் பெரிய மூலக்கூறு. பாட்டில் கழுவும் பிரஷ்ஷைப் போன்ற உருவம் அதற்கு. நடுவில் ஒரு புரதத் தண்டு, சுற்றிலும் மயிர் மயிராகச் சர்க்கரைச் சங்கிலிகள். அந்தச் சங்கிலிகளின் எதிர்மின்னேற்றம் உப்பையும், உப்போடு நீரையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. ஊறிய ஜவ்வரிசியைப் பிதுக்கினாலும் அது நீரை விடாமல் வைத்திருக்கிறதே, ஏறக்குறைய அப்படி. நாம் நின்று நடமாடும் பகல் பொழுதில் பாரத்தால் நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேறும். இரவில் படுத்ததும் தட்டு மீண்டும் நீரை உறிஞ்சி உப்பும். இதனால்தான் காலையில் நம் உயரம் மாலையைவிட ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக இருக்கிறது. நம்பாதவர்கள் வீட்டுச் சுவரில் கோடு போட்டுப் பார்க்கலாம்.

இங்கே பால்வெட்டுத் தொழிலோடு ஒரு வினோதமான பொருத்தம் இருக்கிறது. விடியுமுன் ஏன் வெட்டுகிறோம்? இரவில் மரம் நீர் ஏறி விறைப்பாக இருக்கும், வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய்விடும், பால் குறையும். மரம் விறைத்திருக்கும் அதே நேரத்தில்தான் மனிதனின் இடைத்தட்டும் நீரேறி விறைத்திருக்கிறது. விறைத்த தட்டோடு குனிந்தால் நார்வளையத்தின்மேல் விழும் இழுவிசை, மாலையில் குனியும்போது விழுவதைவிடப் பல மடங்கு அதிகம் என்று இங்கிலாந்து ஆய்வாளர்கள் 1987இல் அளந்து சொன்னார்கள். படுக்கையிலிருந்து எழுந்த முதல் சில மணி நேரம் இடுப்பை மடக்கிக் குனிவதைத் தவிர்த்தாலே நாட்பட்ட முதுகு வலி குறைகிறது என்று 1998இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வும் காட்டியது. பிரட்டுக்கு நான்கரை மணிக்கு எழுந்து ஓடிய நம் தாய்மார்கள், மரத்துக்கு மிக நல்ல நேரத்தில், முதுகுக்கு மிகப் பொல்லாத நேரத்தில் வேலையைத் தொடங்கினார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனால் அப்படித்தான் நடந்தது.

அடுத்த கேள்வி: இந்தத் தட்டு எப்படி உயிர் வாழ்கிறது? நம் உடம்பில் இரத்தக்குழாய் ஓடாத உறுப்புகளில் இதுவே மிகப் பெரியது. குழந்தைப் பருவத்தில் இருக்கும் சிறு குழாய்களும் வளர வளர மறைந்துவிடுகின்றன. நடுக்கூழில் இருக்கும் ஓர் உயிரணுவுக்கு மிக அருகிலுள்ள இரத்தக்குழாய் 6 முதல் 8 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கலாம். உயிரணுவின் அளவுக்கு அது எத்தனையோ மைல். பிராணவாயுவும் குளுக்கோஸும் முள்ளெலும்பின் இரத்தத்திலிருந்து முனைத்தகட்டின் வழியாக ஊறி ஊறித்தான் உள்ளே வர வேண்டும். கழிவும் அதே வழியில்தான் வெளியேற வேண்டும். ஒரே ஒரு வாசலுள்ள வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாசலைப் பற்றி உலகுக்குத் தெளிவாகச் சொன்னவர்கள் நம் தமிழர்கள் என்பதில் எனக்குப் பெருமை. கோயம்புத்தூரில் டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதன் 1978இல் தொடங்கிய கங்கா மருத்துவமனையில், முதுகுத்தண்டு அறுவை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு அது. நோயில்லாதவர்களுக்கும் முதுகு வலிக்காரர்களுக்கும் நரம்பில் ஒரு சாயமருந்தை ஏற்றி, எம்.ஆர்.ஐ. கருவியில் ஒரு நாள் முழுதும் இடைவெளி விட்டுப் படமெடுத்தார்கள். மருந்து எலும்பில் ஐந்து நிமிடத்தில் நிறைந்துவிட்டது. முனைத்தகட்டருகே உச்சம் காண இரண்டு மணி நேரம். தட்டின் நடுவை முழுதாக எட்டச் சுமார் ஆறு மணி நேரம். முனைத்தகடு பழுதான தட்டுகளில் இந்த ஊற்று முறையே கெட்டுப்போயிருந்தது. இடுப்புத் தண்டுவட ஆய்வுக்கான அனைத்துலகச் சங்கம் 2004இல் இதற்குத் தன் பரிசை வழங்கியது.

கோயம்புத்தூர்க் குழுவினர் அத்துடன் நிற்கவில்லை. தட்டு பிதுங்கி அறுவைக்கு வந்த 181 நோயாளிகளை, படங்களாலும் அறுவை மேசையில் நேரில் பார்த்தும் ஆராய்ந்தார்கள். அதுவரை பாடநூல்கள் என்ன சொல்லின? நார்வளையம் நடுவில் கிழிகிறது, கூழ் அதன் வழியே பிதுங்குகிறது என்றுதான். இவர்கள் கண்டது வேறு. ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு, தட்டு எலும்போடு ஒட்டியிருக்கும் முனைத்தகட்டுச் சந்தியே பெயர்ந்திருந்தது. நார்வளையம் நடுவில் கிழிந்தவர்கள் பத்தில் ஒருவர் அளவே. அதாவது டயர் வெடிக்கவில்லை, டயர் ரிம்மை விட்டுப் பெயர்ந்துவிட்டது. 2013இல் வெளியான இந்த ஆய்வுக்கும் அதே சங்கத்தின் பரிசு கிடைத்தது.

வாசல் பழுதானால் வீட்டுக்குள் என்ன நடக்கும்? இதுதான் மூலக்கூறு அறிவியல் சொல்லும் கதை. பிராணவாயு குறைந்த இடத்தில் உயிரணு குளுக்கோஸைப் புளிக்க வைத்துத்தான் பிழைக்கிறது. அதில் வரும் லாக்டிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. அமிலம் ஏற ஏற உயிரணுக்கள் சோர்ந்து மடிகின்றன. தட்டின் பருமனில் உயிரணுக்களின் பங்கு நூற்றில் ஒன்று மட்டுமே என்பதை எண்ணிப் பாருங்கள். ஆட்கள் குறைந்த தோட்டத்தில் புல் மண்டுவதைப்போலத்தான். எஞ்சியவை அபாயச் செய்தி அனுப்புகின்றன. இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப். ஆல்ஃபா என்பன அந்தச் செய்தி மூலக்கூறுகளின் பெயர்கள். அவற்றைக் கேட்டதும், பழையதை வெட்டிப் புதியதைக் கட்ட வேண்டிய நொதிகள் வெட்டுவதை மட்டும் மும்முரமாகச் செய்யத் தொடங்குகின்றன. ஒரு வகை நொதி கொலாஜன் நாரை அறுக்கிறது. அடாம்ட்ஸ் எனப்படும் மற்றொரு வகை அக்ரிகனின் தண்டை நறுக்குகிறது. அக்ரிகன் போனால் நீர் போகும், நீர் போனால் தட்டு தாழும், பாரம் முழுதும் நார்வளையத்தின்மேல் ஏறும், அங்கே மேலும் கீறல் விழும், மேலும் அபாயச் செய்தி பறக்கும்.

திரும்பக் கட்டலாமே என்று கேட்கலாம். கட்டுகிறது, ஆனால் எத்தனை மெதுவாக! நம் இடைத்தட்டிலுள்ள அக்ரிகனில் பாதி புதிதாக மாறவே சுமார் 12 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கொலாஜனுக்கோ 95 ஆண்டுகள். "பத்தே நாளில் டிஸ்க் வளரும்" என்று பொட்டலம் விற்கிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

வலி எங்கிருந்து வருகிறது என்பது தனிக் கதை. 1934இல் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள், பிதுங்கிய தட்டு நரம்பை அழுத்துவதால்தான் கால்வரை இழுக்கும் வலி வருகிறது என்று எழுதினார்கள். அன்றிலிருந்து நசுங்கிய நரம்பு என்ற சொல் நிலைத்துவிட்டது. ஆனால் 1993இல் சுவீடன் நாட்டில் ஓல்மார்க்கர் என்பவரும் குழுவினரும் பன்றிகளில் ஒரு சோதனை செய்தார்கள். அதே பன்றியின் நடுக்கூழைக் கொஞ்சம் எடுத்து, எந்த அழுத்தமும் கொடுக்காமல், நரம்பின்மேல் வெறுமனே வைத்தார்கள். நரம்பின் செய்தி கடத்தும் வேகம் குறைந்துவிட்டது! கூழ் அழுத்துவதால் மட்டும் அல்ல, கூழிலுள்ள இரசாயனங்களாலும் நரம்பு வெந்து புண்ணாகிறது. டி.என்.எஃப். அதில் ஒரு முக்கிய குற்றவாளி. பிறகு 1997இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் மற்றொன்றைக் காட்டினார்கள். நல்ல தட்டில் வலி நரம்புகள் வெளிவிளிம்பில் மட்டுமே உண்டு. நாட்பட்ட வலியுள்ளவர்களின் தட்டிலோ அவை உள்ளே வேர்விட்டு நடுக்கூழ் வரை போயிருந்தன. நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதம்தான் அவற்றை உள்ளே அழைக்கிறது. முன்பெல்லாம் அக்ரிகன் அடர்த்தியாக இருந்து நரம்பை நுழைய விடாமல் தடுத்து வந்தது. வேலி போனதும் கொடி ஏறிவிட்டது.

அப்படியானால் அந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் போயிற்றே என்று மருந்துக் கம்பெனிகள் இறங்கின. டனெசுமாப் என்ற ஊசிமருந்து வலியைக் குறைத்தது உண்மை. ஆனால் சிலருக்கு மூட்டுகள் விரைந்து கெட்டன. 2021இல் அமெரிக்க ஆலோசனைக் குழு 19க்கு 1 என்ற வாக்கில் அதை நிராகரித்தது. டி.என்.எஃப். தடுப்பு மருந்தும் 2005இல் பின்லாந்தில் நடந்த சோதனையில் வெறும் உப்புநீர் ஊசியை மிஞ்சவில்லை. மூலக்கூறு தெரிந்துவிட்டால் மருந்தும் கைக்கு வந்துவிடும் என்பதில்லை.

இவ்வளவும் படித்தபின் ஒருவருக்கு அச்சம் வரலாம். தட்டு தேய்ந்தால் வாழ்க்கை முடிந்தது என்று தோன்றலாம். என் அக்காவுக்கு அப்படித்தான் தோன்றியது. நாற்பத்தெட்டு வயதில், வெட்டுக்காட்டு வேலையை விட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்த பிறகு, இடுப்பு வலிக்கு ஒரு தனியார் கிளினிக்கில் படம் எடுத்தார். "உங்க முதுகு எழுபது வயசுக்காரங்க முதுகும்மா, இனிமே குனியாதீங்க, தூக்காதீங்க," என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அக்கா குனியவில்லை. கோலம் போடவில்லை, கோயிலில் பிரகாரம் சுற்றவில்லை. முதல் பேரன் பிறந்தபோது நின்றபடி தூக்கவே அஞ்சினார், நாற்காலியில் அமரவைத்து மடியில் கொடுத்தோம். "நான் ஒடிஞ்ச கிளை தம்பி, சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கேன்," என்பார். பதினொரு ஆண்டுகள் இப்படி ஓடின. தட்டைவிட அந்த ஒரு வாக்கியம்தான் அவரை அதிகமாக முடக்கியது என்பது என் திடமான கருத்து.

ஏனெனில் படம் வேறு, வலி வேறு. 1994இல் அமெரிக்காவில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, 52 விழுக்காட்டினருக்கு, ஏதாவதொரு தட்டு புடைத்திருந்தது. எல்லாத் தட்டுகளும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 விழுக்காடே. பின்னர் 2015இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வலியில்லாத இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் தட்டில் தேய்மானம் தெரிந்தது. தலை நரைப்பதைப் போன்றது அது. நரைத்த தலையைப் படமெடுத்து நோய் என்று எழுதித் தருவார்களா? அக்காவின் அறிக்கையை அரசாங்க மருத்துவமனையின் இயன்மருத்துவர் ஒருவர் மடித்து மேசையில் வைத்துவிட்டு, முதல் நாளே பத்து நிமிடம் நடக்க வைத்தார். அக்காவுக்கு இன்று வயது அறுபத்தேழு. வலி அவ்வப்போது வருகிறது, போகிறது. வெள்ளிக்கிழமைகளில் பிரகாரம் சுற்றுகிறார்.

பிதுங்கிய தட்டைப் பற்றியும் ஒரு நல்ல செய்தி உண்டு. வெளியே வந்த கூழை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. அதைத் தின்று தீர்க்க மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்கள் வருகின்றன. தொடக்கத்தில் கடும் வலியைத் தந்த அதே அழற்சிதான் துண்டைக் கரைக்கவும் செய்கிறது. இதில் விந்தை என்னவென்றால், படத்தில் பார்க்கப் பயங்கரமாகத் தெரிவதே நன்றாகக் கரைகிறது. முற்றிலும் துண்டாகிக் கழன்ற பிதுக்கங்களில் 96 விழுக்காடு தானே சுருங்கின என்றும், வெறும் புடைப்புகளில் 13 விழுக்காடே சுருங்கின என்றும் 2015இல் வெளியான ஒரு தொகுப்பு சொல்கிறது. முனைத்தகட்டின் குருத்தெலும்பும் சேர்ந்து பெயர்ந்திருந்தால் கரைய நாளாகும். நெதர்லாந்தில் கால்வலியோடு வந்த 283 பேரில் பாதிப்பேருக்கு உடனே அறுவை செய்தார்கள். மறுபாதியைக் காத்திருக்கச் சொன்னார்கள். அறுவை செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் தணிந்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். ஆனால் காத்திருக்கச் சொன்னவர்களில் பத்தில் நால்வர், வலி பொறுக்காமல் இடையில் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஆகவே அறுவை என்றதும் அலறி ஓடவும் வேண்டாம், படத்தைப் பார்த்ததும் அறுவைக்கு ஓடவும் வேண்டாம்.

உடம்பு செய்வதை மருந்தால் செய்ய முடியுமா என்று பார்த்ததில் பப்பாளிக்கு ஒரு பங்கு உண்டு. நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் அதே பப்பாளிதான். இறைச்சி வேகப் பப்பாளிக்காயை நம் வீட்டுப் பெண்கள் சேர்ப்பார்கள். அதன் பாலிலுள்ள நொதி புரதத்தை அறுப்பதே காரணம். 1956இல் லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர் அந்த நொதியை முயலின் நரம்பில் ஏற்றினார். விறைத்து நின்ற காதுகள் தொங்கிப்போயின! குருத்தெலும்பு தன் சத்தை இழந்துவிட்டது. இதைப் படித்த லைமன் ஸ்மித் என்ற மருத்துவர், பப்பாளிப் பாலிலிருந்து பிரித்த கைமோபப்பேனை 1963இல் மனிதரின் பிதுங்கிய தட்டுக்குள் ஊசியால் செலுத்தினார். 1982இல் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தது. பலருக்குப் பலித்தது. சிலருக்குக் கடும் ஒவ்வாமை, மிகச் சிலருக்குத் தண்டுவடப் பாதிப்பு. 2003இல் அங்கே விற்பனை நின்றது. இப்போது ஜப்பானில் 2018 முதல் கான்டோலியேஸ் என்ற வேறொரு நொதி பயன்பாட்டில் இருக்கிறது. அது புரதத்தைத் தொடாமல் அக்ரிகனின் சர்க்கரை மயிர்களை மட்டும் மழிக்கிறது. (பப்பாளிப் பாலை இடுப்பில் தடவிப் பார்க்க வேண்டாம். தோல்தான் புண்ணாகும்.)

யாருக்குத் தட்டு தேயும், யாருக்குத் தேயாது? பாரம் தூக்கியவர்களுக்கு என்றுதான் நாம் நினைக்கிறோம். பின்லாந்தில் 115 ஜோடி இரட்டைச் சகோதரர்களை ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட முடிவு அந்த எண்ணத்தை உலுக்கியது. இடுப்பின் மேற்பகுதித் தட்டுகளின் தேய்மான வேறுபாட்டில் உடலுழைப்பு விளக்கியது 7 விழுக்காடுதான். வயதையும் குடும்பத் தொடர்பையும் சேர்த்தபோது அது 77 விழுக்காடாயிற்று. கொலாஜன் மரபணுக்கள், வைட்டமின்-டி ஏற்பி மரபணு என்று பல பின்னர் அடையாளம் காணப்பட்டன. இதைக் காட்டி, "உன் முதுகு வலிக்கு உன் பரம்பரைதான் காரணம், தோட்டம் காரணமல்ல" என்று சொல்ல ஒருவர் கிளம்பினால் அதை நான் ஒப்பமாட்டேன். ஆய்வு சொல்வது தட்டின் தேய்மானத்தைப் பற்றி. குலையைத் தூக்கும்போது ஒரு நாள் சட்டென்று முனைத்தகடு பெயர்வது வேறு விஷயம். பலவீனமான வாசல் பிறப்பிலேயே வந்திருக்கலாம். அதை இடித்தது பாரமாக இருக்கலாம்.

புகைப்பதில் இப்படி வாதமே இல்லை. ஒருவர் புகைப்பவர், மற்றவர் புகைக்காதவர் என்று அமைந்த ஒரே உருவ இரட்டையர்களை ஒப்பிட்டபோது, புகைத்தவரின் தட்டுகளில் தேய்மானம் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 1991இல் வெளியான ஆய்வு இது. ஏற்கெனவே ஒரே வாசல், அதற்கு வரும் சிறு இரத்தக்குழாய்களையும் புகை கெடுக்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

கோயம்புத்தூர்க் குழுவினர் 2017இல் மூன்றாவதாக ஒன்றைக் கிளப்பினார்கள். நோயுற்ற தட்டுகளின் புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, கிருமியை எதிர்த்துப் போராடும் புரதங்கள் தென்பட்டன. தட்டு நோயைத் தொடங்கி வைப்பது கிருமியோ என்று கேட்டார்கள். அதற்கும் சங்கத்தின் பரிசு கிடைத்தது. நல்ல கேள்வி, ஆனால் இன்னும் கேள்விதான். நார்வேயில் 180 பேருக்கு மூன்று மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்ததில் சொல்லத்தக்க பலன் இல்லை என்று 2019இல் அறிவித்தார்கள். ஆகவே மருந்தகத்தில் போய் ஆன்டிபயாடிக் கேட்க வேண்டாம்.

சரி, வலி வந்தால் படுத்துக்கொள்வதா? எங்கள் லயத்தில் பாயில் போட்டு வாரக்கணக்கில் எழவே விடமாட்டார்கள். 1995இல் ஹெல்சின்கி நகர ஊழியர்கள் 186 பேரிடம் செய்த சோதனையில், இரண்டு நாள் படுத்திருந்தவர்களைவிட, தாங்கும் அளவுக்கு அன்றாட வேலையைப் பார்த்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். பாரம் தூக்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு. சுவீடன் நிபுணர் நாகெம்சன் தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது 100 என்றால், மல்லாந்து படுத்தால் 25, சாயாமல் உட்கார்ந்தால் 140, குனிந்தபடி எடையைப் பிடித்தால் 220. அன்னதானக் கூடத்தில் சாம்பார் அண்டாவைத் தனியாளாக இழுக்கும் இளைஞர்கள் இந்த எண்களைக் கவனிக்கவும். இருவர் பிடியுங்கள், உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள், அதிகாலையில் எழுந்தவுடன் வேண்டாம். தட்டு பிதுங்கியவர் காவடி எடுக்கலாமா என்று செங் சன்னாசிமலைத் திருவிழாவின்போது என்னிடம் கேட்பவர்கள் உண்டு. காலில் மரத்துப்போதலும் பலக்குறைவும் இல்லாமல், இரண்டு மணி நேரம் தடையின்றி நடக்க முடிகிறவர், தம் மருத்துவரைக் கேட்டு எடை குறைந்த காவடியாக எடுக்கட்டும் என்பதே நான் சொல்வது. பால்குடமும் நேர்த்திக்கடன்தானே.

வேலை செய்யும் இடத்தில் முதுகில் அடிபட்டால் அன்றே முதலாளியிடம் எழுத்தில் தெரிவித்து, மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பெர்கெசோ, நம் மக்கள் வாயில் சொக்சோ, நம் மாநிலத்திலேயே 2014 முதல் துன் அப்துல் ரசாக் பெயரில் மறுவாழ்வு மையம் ஒன்றை நடத்திவருகிறது. சந்தா கட்டிய தொழிலாளர்களுக்கு இயன்மருத்துவமும் வேலைக்குத் திரும்பும் பயிற்சியும் அங்கே கிடைக்கின்றன. ஆயர் குரோ பக்கம் போகும்போது அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, அது நமக்கில்லை என்று கடந்து போகிறவர்கள் நம்மில் அதிகம்.

கடைசியாக, காத்திருக்கவே கூடாத சில அறிகுறிகள். இடுப்பு வலியோடு சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தன்னையறியாமல் போனாலோ, உட்காரும் இடமும் தொடையின் உட்புறமும் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் இழுபட்டாலோ, அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தால் நரம்பு திரும்பாது. காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்த முதுகு வலி காசநோயாகவோ வேறு கட்டியாகவோ இருக்கக்கூடும், அதற்கு இரத்தப் பரிசோதனையும் படமும் அவசியம்.